அரபிக் கடலின் போதைப் பாதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைத் தொட்டிருந்தன. இந்தியப் பெருங்கடல் வழியாக நடக்கும் போதைப்பொருள் கடத்தலையும், அதைத் தடுக்க நாடுகள் ஒன்றுசேர்வதையும் பற்றியவை அவை. ஆகவே இம்முறை வழக்கமான கலவையை விட்டு, அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் தரப்படுகிறது.

நடுக்கடலில் வேறு நாட்டுப் படகொன்றில் போதைப்பொருள் இருப்பது உறுதியாகத் தெரிந்தால், நம் கடற்படை நேராக ஏறிச் சோதனையிட முடியாதா? எதற்காக இன்னொரு நாட்டின் அனுமதி?
(தூத்துக்குடி வாசகர்)

முடியாது என்பதே சட்டத்தின் முதல் பதில். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள ஆட்சிக்கடலில்தான் ஒரு நாட்டின் குற்றவியல் சட்டம் முழு வலிமையோடு செல்லுபடியாகும். 200 கடல் மைல் வரை நீளும் பொருளாதார மண்டலம் மீன், எண்ணெய் போன்ற வளங்களுக்காக ஏற்பட்டது. போதைப்பொருளைப் பொறுத்தவரை அதுவும் ஏறக்குறைய திறந்த கடல்தான். அங்கே ஒரு கலம் எந்த நாட்டுக் கொடியை ஏந்தியிருக்கிறதோ அந்த நாட்டுக்கே கட்டுப்பட்டது.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 110ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. அயல்நாட்டுக் கலத்தில் ஏறிப் பார்க்கப் போர்க்கப்பலுக்கு எப்போது உரிமை உண்டு என்பதை அது சொல்கிறது. கடற்கொள்ளை, அடிமை வணிகம், அனுமதியற்ற ஒலிபரப்பு, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத கலம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. போதைப்பொருள் இல்லை. திருட்டு வானொலி நடத்தும் கப்பலில் ஏறலாம், ஒரு டன் ஹெராயின் ஏற்றிய கப்பலில் ஏறக் கூடாது என்பது இன்று படிக்கையில் வேடிக்கையாகவே இருக்கிறது. 1960களில் ஐரோப்பியக் கரைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டுப் பாட்டு ஒலிபரப்பிய கப்பல்கள் அரசுகளுக்குத் தந்த தலைவலியின் மிச்சம் அது. போதைப்பொருளைப் பற்றி 108ஆவது பிரிவு பேசுகிறது. ஆனால் எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 1988ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. அதன் 17ஆவது பிரிவின்படி, சந்தேகத்துக்குரிய கலத்தைக் கண்ட நாடு, கொடிக்குரிய நாட்டிடம் பதிவை உறுதிசெய்யச் சொல்லி, ஏறிச் சோதிக்கவும் உரிய நடவடிக்கை எடுக்கவும் அனுமதி கேட்கலாம். கேட்கப்பட்ட நாடு விரைந்து பதில் தர வேண்டும். அதற்கென ஓர் அதிகாரியையோ அலுவலகத்தையோ முன்கூட்டியே நியமித்திருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பதில்தான் பெரும்பாலான கடல் வேட்டைகளின் முடிவு அடங்கியிருக்கிறது.

இது சரியாக நடந்ததற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் இலங்கைக் கொடியேந்திய மீன்பிடிப் படகுகள் அரபிக் கடலில் போதைப்பொருள் ஏற்றி வருவதாக இலங்கைக் கடற்படையே இந்தியக் கடற்படைக்குத் தகவல் தந்தது. குருகிராமில் 2018 முதல் இயங்கும் இந்தியப் பெருங்கடல் தகவல் ஒருங்கிணைப்பு மையத்தின் உதவியோடும், விமானக் கண்காணிப்போடும் இரண்டு படகுகள் அடையாளம் காணப்பட்டன. இந்தியக் கப்பல்கள் அவற்றில் ஏறிச் சோதித்து, சுமார் 500 கிலோ மெத்தாம்பெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருளைக் கைப்பற்றின. அதன்பின் நடந்ததே முக்கியம். படகுகள், ஆட்கள், சரக்கு மூன்றும் இலங்கையிடமே ஒப்படைக்கப்பட்டன. கொடி இலங்கையுடையது, ஆட்கள் இலங்கையர், தகவலும் அங்கிருந்தே வந்தது. வழக்கு கொழும்பில் நடப்பதே சட்டப்படி உறுதியானது. பிடித்தவர்களே வழக்கையும் நடத்த வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே எழவில்லை.

பன்னாட்டுக் கடற்படைகள் போதைப்பொருளைப் பிடித்துக் கடலிலேயே அழித்துவிட்டு, கடத்தியவர்களை அவர்கள் படகிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்று படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் எதற்கு இந்த வேட்டை?
(கோயம்புத்தூர் வாசகர்)

உண்மைதான். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டுக் கடற்படை அமைப்பின் கீழ் இயங்கும் 150ஆவது பணிப்படை, ஈரான் - பாகிஸ்தான் எல்லையிலுள்ள மக்ரான் கரையிலிருந்து தென்மேற்காக வரும் ‘தௌ’ மரக்கலங்களைப் பல ஆண்டுகளாக மறித்து வருகிறது. ஆப்கானிஸ்தானின் ஹெராயின் தரைவழியாக மக்ரான் கரைக்கு வந்து, அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும் இந்த வழிக்குத் ‘தெற்குப் பாதை’ என்று பெயர். 2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான டார்வின், கென்யக் கரைக்கு அப்பால் ஒரு மரக்கலத்தில் சிமெண்டு மூட்டைகளுக்கிடையே 1,032 கிலோ ஹெராயினைக் கண்டெடுத்தது. அந்தச் சரக்கும் கடலில்தான் அழிக்கப்பட்டது.

கொடியில்லாத கலத்தில் ஏறுவதற்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதை மேலே பார்த்தோம். ஆனால் ஏறுவதற்கு உரிமை உண்டு என்பதாலேயே வழக்குத் தொடுக்கவும் உரிமை வந்துவிடாது. பிடித்தது ஆஸ்திரேலியக் கப்பல், பிடிபட்டவர்கள் ஈரானியரோ பாகிஸ்தானியரோ, சரக்கு போகவிருந்த இடம் தான்சானியா என்றால், யாருடைய நீதிமன்றத்தில் எந்தச் சட்டத்தின்படி விசாரிப்பது? ஆட்களைப் பத்து நாள் பயணம் செய்து ஒரு துறைமுகத்துக்குக் கொண்டுபோய், மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் தேடி, கப்பலில் சோதனை நடத்திய மாலுமிகளைச் சாட்சி சொல்ல அழைத்து வர எந்த அரசும் முன்வராதபோது, சரக்கை அழித்தாலே போதும் என்று கப்பல் தலைவர் முடிவெடுக்கிறார். மரக்கலத்தின் மாலுமிகள் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஏழை மீனவர்கள் என்பதால், அவர்களைச் சிறையிலடைத்தால் வலை அறுந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவர்களிடமிருந்த செயற்கைக்கோள் தொலைபேசியும், அதில் பதிவான எண்களும், சரக்குப் பொட்டலங்களின் முத்திரைகளும் முறையாக ஒரு நாட்டின் புலனாய்வுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவது பெரிய இழப்பு.

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்திருக்கிறது. 2014இல் கென்யா தன் துறைமுகத்துக்கு இழுத்து வந்த ஒரு கப்பலில் 300 கிலோவுக்கும் மேற்பட்ட ஹெராயின் கண்டெடுக்கப்பட்டது. மாலுமிகள்மீது வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, சரக்கோடு சேர்த்து அந்தக் கப்பலை நாட்டின் அதிபர் பார்த்திருக்கக் கடலில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சிக்கு நல்ல காட்சிதான். சான்றுப் பொருளை இழந்த வழக்கறிஞர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேற்கு இந்தியப் பெருங்கடல் நாடுகள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றன என்றே சொல்ல வேண்டும். 2018இல் கையெழுத்தான இரண்டு வட்டார ஒப்பந்தங்களின்படி மடகாஸ்கரில் ஒரு தகவல் மையமும், சேஷெல்ஸில் ஒரு நடவடிக்கை ஒருங்கிணைப்பு மையமும் இயங்குகின்றன. மடகாஸ்கரில் இருப்பவர்கள் கப்பல்களின் நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்; சேஷெல்ஸில் இருப்பவர்கள் எந்த நாட்டுப் படகு போவது, பிடிபட்டவர்களை எங்கே கொண்டுசெல்வது என்பதை ஒழுங்குசெய்கிறார்கள். மொரிஷியஸ், கென்யா, ஜிபூத்தி, கொமரோஸ், பிரான்ஸ் ஆகியவையும் இதில் அடக்கம்.

இலங்கைக்குக் கஞ்சா தமிழகக் கரையிலிருந்து வருகிறது. ஆனால் இந்திய ஊடகங்கள் இலங்கைப் படகுகளை மட்டுமே குற்றஞ்சாட்டுகின்றன. இது நியாயமா?
(யாழ்ப்பாணம் வாசகர்)

தங்கள் மனக்குறை நியாயமானது. இரண்டு திசைகளிலும் சரக்கு போகிறது என்பதே உண்மை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிடிபடும் கஞ்சாவை இலங்கையில் ‘கேரளக் கஞ்சா’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி ஆந்திரம் - ஒடிசா எல்லையின் மலைப்பகுதிகளில் விளைந்து, தமிழகம் வழியாகக் கரைக்கு வந்து, பாக் நீரிணையைக் கடப்பதாகவே காவல்துறை வழக்குகள் காட்டுகின்றன. கேரளத்தார் இந்தப் பெயருக்காக மானநட்ட வழக்குத் தொடுக்கலாம்.

எதிர்த்திசையிலும் செய்தி உண்டு. 2021 மார்ச் மாதம் லட்சத்தீவின் மினிக்காய் அருகே ‘ரவிஹன்சி’ என்ற இலங்கைப் படகை இந்தியக் கடலோரக் காவல்படை மறித்தபோது, அதில் சுமார் 300 கிலோ ஹெராயினும், ஐந்து ஏகே-47 துப்பாக்கிகளும், ஆயிரம் தோட்டாக்களும் இருந்தன. நெடுநாள் மீன்பிடிப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கும் திறன் கொண்டவை. மக்ரான் கரையிலிருந்து வரும் தாய்க்கப்பலிடமிருந்து நடுக்கடலில் சரக்கை மாற்றிக்கொள்ள அவை தோதாக இருக்கின்றன.

2010இலேயே இரு நாடுகளும் குற்றவியல் வழக்குகளில் பரஸ்பர சட்ட உதவிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டன. தகவல் பரிமாற்றமும் நடக்கிறது. 2022 டிசம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இந்தியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு தந்த தகவலைக் கொண்டு இலங்கைக் கடற்படை 286 கிலோ ஹெராயினையும் 128 கிலோ மெத்தாம்பெட்டமைனையும் கைப்பற்றியதாக அந்தப் பிரிவே அறிவித்தது. பாக் நீரிணையில்தான் நிலைமை வேறு. மீன்பிடித் தகராறு நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கும் அந்தக் குறுகிய நீர்ப்பரப்பில், எல்லை தாண்டிய மீனவர் யார், கஞ்சா மூட்டையை இறக்க வந்தவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்கு இரு தரப்பிலும் பொறுமை குறைந்துவருகிறது. இந்தக் குழப்பத்தால் ஆதாயம் அடைபவர் கடத்தல்காரர் ஒருவரே.

சார்க் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கை வைத்திருந்ததே, அது என்ன ஆயிற்று?
(மதுரை வாசகர்)

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் அந்த உடன்படிக்கை 1990இல் மாலேயில் கையெழுத்தாகி, 1993இல் நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் ஒரு கண்காணிப்பு அலுவலகமும் 1992இல் தொடங்கப்பட்டது. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை. மக்ரான் கரையின் ஒரு பாதியைக் கையில் வைத்திருக்கும் பாகிஸ்தானும், சரக்கு வந்து சேரும் இந்தியாவும் பேசாதவரை அந்த உடன்படிக்கை ஏட்டளவில்தான் நிற்கும். அதன் இடத்தைக் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற சிறிய கூட்டணி ஓரளவு எடுத்துக்கொண்டிருக்கிறது. 2011இல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு என மூன்று நாடுகளோடு தொடங்கிய அதற்கு 2024 ஆகஸ்டில் ஒரு சாசனமும் கையெழுத்தானது.

ஒரு நாட்டுக் காவல்துறை தரும் தகவல் இன்னொரு நாட்டில் ஒருவரைத் தூக்குமேடைக்கோ துப்பாக்கி முனைக்கோ கொண்டுபோய் நிறுத்தினால், தகவல் தந்தவர்களுக்குப் பொறுப்பில்லையா?
(மெல்பர்ன் வாசகர்)

தாங்கள் எதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. 2005 ஏப்ரலில் பாலித் தீவின் தென்பசார் விமான நிலையத்தில், உடலில் ஹெராயினைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படவிருந்த நான்கு இளைஞர்களும், அவர்களோடு தொடர்புடைய ஐவரும் கைதானார்கள். மொத்தம் 8.3 கிலோ. நம் ஊர் வழக்கில் சொன்னால் அவர்களில் பெரும்பாலோர் ‘குருவிகள்’, அதாவது கூலிக்குச் சரக்கைச் சுமந்து செல்பவர்கள். அவர்களைப் பற்றிய விவரங்களை இந்தோனேசியக் காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பியது ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் காவல்துறை. அதற்கு முன்பே, கைதானவர்களில் ஒருவரின் தந்தை, மகன் தவறான வழியில் போகிறானோ என்று அஞ்சி, பயணத்தைத் தடுத்து நிறுத்தும்படி ஒரு வழக்கறிஞர் நண்பர் மூலம் அதே காவல்துறையை அணுகியிருந்தார். 2015 ஏப்ரல் 29 அன்று, குழுவை நடத்தியவர்களாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஆண்ட்ரூ சானும் மயூரன் சுகுமாரனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மயூரன் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சிறையில் ஓவியம் கற்று, சக கைதிகளுக்கும் கற்பித்தவர். எஞ்சியிருந்த ஐவர் 2024 டிசம்பரில்தான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார்கள்.

சட்டக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. 2006இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், காவல்துறை சட்டத்தை மீறவில்லை என்றது. முறையான சட்ட உதவி கோரிக்கைகளில் மரண தண்டனை பற்றிய பாதுகாப்பு விதி உண்டு. காவலர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் தகவலுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. எனினும் இந்த நடைமுறையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதை அதே தீர்ப்பு சுட்டிக்காட்டியது. பின்னர் 2009இல் காவல்துறையின் வழிகாட்டு நெறிகள் திருத்தப்பட்டன.

பொறுப்பு உண்டு என்பதே என் கருத்து. 1973இலேயே தன் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து மரண தண்டனையை நீக்கிய ஒரு நாடு, தன் குடிமக்களைத் தன் விமான நிலையத்தில் காத்திருந்து பிடித்திருக்க முடியும். அப்படிச் செய்திருந்தால் சரக்கை வாங்க வருபவரையும் சேர்த்துப் பிடித்திருக்கலாம். 1988 உடன்படிக்கையின் 11ஆவது பிரிவு அனுமதிக்கும் ‘கண்காணிப்பில் கடந்துபோக விடும் முறை’ இதற்காகவே இருக்கிறது. இந்த அறக்கேள்வி ஒத்துழைப்புக்கு இடையூறு என்று சிலர் எண்ணுகிறார்கள். நடைமுறை வேறுவிதமாக இருக்கிறது: தூக்கு உண்டு என்பதாலேயே ஐரோப்பிய நாடுகள், மரண தண்டனை தரமாட்டோம் என்ற உறுதிமொழியை வாங்காமல் குற்றவாளிகளை ஒப்படைப்பதில்லை. தண்டனை கடுமையாக இருப்பதனாலேயே வழக்கு நடக்காமல் போவதும் உண்டு.

தேங்காய்ப் பூத்தூளுக்குள் மறைத்துக் கடத்தினார்கள் என்று 2024இல் பேசப்பட்டதே, அது போதைப்பொருளே அல்ல, சளி மருந்துக்கான மூலப்பொருள் என்கிறார் என் மருந்துக்கடை நண்பர். யார் சொல்வது சரி?
(சென்னை வாசகர்)

இருவர் சொல்வதும் சரி. சூடோஎபிட்ரின் என்பது மூக்கடைப்புக்கான மருந்துகளில் சேர்வது. அதிலிருந்து சில வேதிமாற்றங்களில் மெத்தாம்பெட்டமைன், அதாவது ‘ஐஸ்’, கிடைத்துவிடும் என்பதால் அது முன்னோடி வேதிப்பொருளாகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. தேங்காய்த் தூளோடு அது அனுப்பப்படுகிறது என்பதை நியூசிலாந்துச் சுங்கத் துறையும் ஆஸ்திரேலியக் காவல்துறையும் இந்தியாவுக்குத் தெரிவித்ததாகவும், அதன் பின்னரே 2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ கைப்பற்றப்பட்டதாகவும் அதிகாரிகள் கூறினார்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள்மீதான வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் அதற்கு மேல் சொல்வது முறையன்று.

முன்னோடிப் பொருள்களைக் கட்டுப்படுத்துவதே எல்லாவற்றிலும் செலவு குறைந்த ஒத்துழைப்பு என்பேன். வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் 2006 முதல் ஓர் இணையவழி முன்னறிவிப்பு முறையை நடத்துகிறது. ஏற்றுமதி செய்யும் நாடு, சரக்கு கிளம்புமுன் இறக்குமதி நாட்டுக்குத் தெரிவிக்கும். அந்த நாட்டு அதிகாரி, ‘இந்த நிறுவனத்துக்கு இவ்வளவு எதற்கு?’ என்று கேட்டால் சரக்கு நின்றுவிடும். போர்க்கப்பலும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். புகைப்படம் எடுக்க ஏற்ற காட்சி எதுவும் இல்லாததால்தான் இது செய்தியாவதில்லை போலும்.

தலிபான் அரசு கசகசாச் செடியைத் தடைசெய்துவிட்டது என்றால், பிரச்சினை வேரோடு போயிருக்க வேண்டாமா?
(திருச்சி வாசகர்)

தடை உண்மையிலேயே நடைமுறையானது. 2022 ஏப்ரலில் அது அறிவிக்கப்பட்டது. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி, 2,33,000 ஹெக்டேராக இருந்த பயிர்ப்பரப்பு அடுத்த ஆண்டே 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. விவசாயிகளின் வருமானமும் அதே வேகத்தில் சரிந்தது. ஆனால் பழைய இருப்பு கையில் இருந்தது. அதன் விலை ஏறியது. மலைகளில் தானே வளரும் எபிட்ரா என்ற புதரிலிருந்து மெத்தாம்பெட்டமைன் செய்யவும் அங்கே ஏற்கெனவே கற்றிருந்தார்கள். 2023இல் கொச்சிக்கு அப்பால் இந்தியக் கடற்படையும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவும் கைப்பற்றியது ஹெராயின் அல்ல, சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் என்பதைக் கவனியுங்கள். அதே 2023இல் உலகின் மிகப்பெரிய அபின் உற்பத்தி நாடு என்ற இடத்துக்கு மியான்மர் வந்துவிட்டது. ஆப்கன் விவசாயிக்கு மாற்றுப் பயிரும் சந்தையும் தர உலகம் முன்வராமல் தடையை மட்டும் பாராட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தடை எத்தனை ஆண்டு தாங்கும் என்பது ஐயமே.

வெளிநாட்டில் பதுங்கும் தலைவர்களைச் சிலசமயம் சில வாரங்களில் கொண்டுவந்துவிடுகிறார்கள், சிலசமயம் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஏன்?
(வேலூர் வாசகர்)

இன்டர்போலின் சிவப்பு அறிவிப்பைக் கைது ஆணை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதன்மீது என்ன செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவெடுக்கும். பிடித்த நாடு அவரை விசா விதியை மீறியவராகக் கருதி நாடுகடத்தினால் சில வாரங்களில் வேலை முடியும். 2019 பிப்ரவரியில் துபாயில் பிடிபட்ட இலங்கைப் போதைப்பொருள் கும்பல் தலைவர் மாகந்துரே மதூஷ் மே மாதமே கொழும்புக்கு வந்துவிட்டார்; 2025 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் பிடிபட்ட இலங்கைக் குழுவினர் சில நாள்களிலேயே கொண்டுவரப்பட்டனர். முறையான ஒப்படைப்பு என்றால் நீதிமன்றம், மேல்முறையீடு எல்லாம் உண்டு. ஆசிய மெத்தாம்பெட்டமைன் வலையின் தலைவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 2021 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் கைதானவர், ஆஸ்திரேலியா போய்ச் சேர 2022 டிசம்பர் ஆயிற்று.

விரைவு நல்லதா என்றால், கொண்டுவந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மதூஷ் 2020 அக்டோபரில், சரக்கைக் காட்டுவதற்காகக் காவலர்கள் அழைத்துச் சென்றபோது துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். துபாயிலிருந்து அவர் யாருக்கெல்லாம் உண்டியல் (வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் பணம் அனுப்பும் முறை) வழியாகப் பணம் அனுப்பினார் என்பதைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்கும் வாய்ப்பும் அவரோடு போயிற்று.

கடலில் மிதந்துவரும் பொட்டலங்களைக் கண்டால் என்ன செய்வது? எடுத்துக் கொடுத்தால் எங்களையே பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
(ராமேஸ்வரம் மீனவர் ஒருவர்)

துரத்தப்படும் படகுகள் சரக்கைக் கடலில் வீசுவது வழக்கம் என்பதால் தங்கள் அச்சம் வீணானதன்று. படகில் ஏற்றாதீர்கள், பிரிக்காதீர்கள். கண்ட இடத்தின் ஜி.பி.எஸ். நிலையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, வி.எச்.எஃப். வானொலிக் கருவியிலோ 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணிலோ உடனே தெரிவியுங்கள். கரைக்கு வந்த பின் கடலோரக் காவல் குழுமத்தின் 1093, போதைப்பொருள் தகவலுக்கான 1933 ஆகிய எண்களும் உள்ளன. அழைத்த நேரத்தைப் படகின் குறிப்பேட்டில் எழுதி, உடனிருப்பவர்களிடம் கையொப்பம் வாங்கிவையுங்கள்.